பென் டிரைவில் வரும் மென்பொருளை முதலில் தனி வார்டில் போடுங்கள்

பழைய வண்ணாரப்பேட்டையில், எம்.சி. ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி யூனிட் வைத்திருக்கிறேன். நாலு ஹெட் மெஷின் ஒன்று, சிங்கிள் ஹெட் ஒன்று. பள்ளிக்கூட பேட்ஜ், பிளவுஸ் கழுத்து, கோயில் பட்டுக்கு ஓரம் என்று எல்லாமே ஜாப் ஒர்க். டிசைனை பஞ்சிங் செய்வது, அதாவது படத்தைக் கம்ப்யூட்டரில் மெஷினுக்கான தையலாக மாற்றுவது, நான். மெஷினில் இரண்டு பேர் இருக்கிறார்கள்.

எங்கள் தொழிலில் பென் டிரைவ் கை மாறிக்கொண்டே இருக்கும். அதில் டிசைன் மட்டும் வருவதில்லை. "அக்கா, இதுல ஒரு கன்வர்ட்டர் இருக்கு, போட்டோவைக் கொடுத்தா நேரா டி.எஸ்.டி. ஃபைலாவே வந்துடுது, போட்டுப் பாருங்க" என்று யாராவது ஒருவர் மாதத்துக்கு ஒரு முறையாவது நீட்டுவார். டி.எஸ்.டி. என்பது எம்பிராய்டரி மெஷின் படிக்கும் கோப்பு வகை. நல்ல எண்ணத்தில்தான் கொடுக்கிறார்கள். 2019 தீபாவளிக்கு முன்னால் அப்படி வந்த ஒன்றை நேராக வேலை பார்க்கும் கம்ப்யூட்டரிலேயே ஏற்றினேன். மறுநாள் காலையில் வந்து பார்த்தால் எந்த டிசைனும் திறக்கவில்லை. ஒவ்வொரு கோப்பின் பெயருக்குப் பின்னாலும் புரியாத நாலு எழுத்து. ஒவ்வொரு ஃபோல்டரிலும் பணம் கேட்டு ஒரு சீட்டு. பேக்கப் எடுத்து வைத்திருந்த வெளி ஹார்ட் டிஸ்க் அன்று இரவு முழுக்கச் செருகியபடியே இருந்ததால் அதுவும் போயிற்று. பதினொரு வருடத்து உழைப்பு. மெஷினின் சொந்த மெமரியில் தங்கியிருந்தது, வாட்ஸ்ஆப்பில் வாடிக்கையாளர்களுக்கு அனுப்பியிருந்தது என்று தேடிப் பொறுக்கியதில் கொஞ்சம் மீண்டது. மீதியை உட்கார்ந்து மறுபடி பஞ்சிங் செய்தேன். சில பள்ளிகளின் பழைய பேட்ஜ் இன்னும் என்னிடம் இல்லை.

அதற்குப் பிறகு கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். வைரஸை அடையாளம் காணும் சாமர்த்தியம் எனக்கு வந்துவிட்டது என்று சொல்ல வரவில்லை. அது வேண்டியதும் இல்லை. தெரியாத மென்பொருளை ஓட்டிப் பார்க்க ஒரு தனி இடம் வேண்டும், அந்த இடத்தின் கதவுகளை நாமே திறந்து வைத்துவிடக் கூடாது. அவ்வளவுதான் விஷயம்.

சின்ன வயதில் என் தம்பிக்குத் தொண்டை அடைப்பான் வந்தபோது தண்டையார்பேட்டை தொற்றுநோய் மருத்துவமனையில் சேர்த்தார்கள். அம்மா உள்ளே எடுத்துப் போன தட்டும் டம்ளரும் வீட்டுக்குத் திரும்பி வரவில்லை. நாங்கள் வெளியே நின்று பார்த்தோம். அந்த வார்டை மனதில் வைத்துக்கொண்டு படித்தால் கீழே வருவது எல்லாம் எளிதாகப் புரியும்.

ஓட்டுவதற்கு முன்னால்

முதலில், கோப்பின் முழுப் பெயர் கண்ணில் பட வேண்டும். விண்டோஸ் 11இல் எக்ஸ்புளோரரைத் திறந்து வியூ, அதில் ஷோ, அதில் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதை டிக் செய்யுங்கள். இதைச் செய்யாவிட்டால் பெயரின் கடைசித் துண்டை விண்டோஸ் மறைத்துவிடும். படம் போல ஐகான் வைத்துக்கொண்டு 'ரோஜா டாட் ஜேபெக்' என்று நிற்கும் கோப்புக்குப் பின்னால் 'டாட் இ.எக்ஸ்.இ.' ஒளிந்திருக்கலாம். பென் டிரைவில் இருந்த ஃபோல்டர்கள் எல்லாம் மூலையில் அம்புக்குறியோடு ஷார்ட்கட்டாக மாறியிருந்தால் அதைக் கிளிக் செய்யாதீர்கள். ஜெராக்ஸ் கடைகளில் சுற்றும் பழைய நோய் அது. கிளிக் செய்தால் ஃபோல்டரும் திறக்கும், பின்னால் அதுவும் ஓடும்.

அடுத்தது வைரஸ்டோட்டல். 2004இல் ஸ்பெயினில் தொடங்கிய தளம், 2012இல் கூகுள் வாங்கியது. எழுபதுக்கு மேற்பட்ட ஆன்ட்டிவைரஸ் எஞ்சின்கள் ஒரே கோப்பைப் பார்த்து ஆளுக்கொரு பதில் சொல்லும். இதில் ஒன்றைக் கவனியுங்கள். அங்கே நீங்கள் ஏற்றும் கோப்பு பாதுகாப்பு நிறுவனங்களோடு பகிரப்படும். அதனால் வாடிக்கையாளரின் டிசைன், ஆதார் நகல், கணக்கு ஷீட் எதையும் அங்கே ஏற்றாதீர்கள். மென்பொருளைக்கூட முழுதாக ஏற்றத் தேவையில்லை. விண்டோஸில் கட்டளை தட்டச்சும் பவர்ஷெல்லைத் திறந்து கெட்-ஃபைல்ஹேஷ் கட்டளையைக் கொடுத்தால் 64 எழுத்துக்களில் ஒரு ஷா-256 எண் வரும். கோப்பின் கைரேகை மாதிரி அது. அதை மட்டும் தளத்தின் தேடுபெட்டியில் ஒட்டினால், முன்பே யாராவது அதே கோப்பை ஏற்றியிருந்தால் முடிவு வந்துவிடும்.

வந்த முடிவை எப்படிப் படிப்பது? பாதிக்கு மேல் சிவப்பு என்றால் பேச்சே இல்லை, அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஒன்றிரண்டு பெயர் தெரியாத எஞ்சின்கள் மட்டும் சந்தேகப்பட்டால் அது தவறான எச்சரிக்கையாகவும் இருக்கலாம். பூஜ்யம் வந்தால்தான் ஏமாந்துவிடுவோம். நேற்று செய்த புது வைரஸை இன்று யாருக்கும் தெரியாது. கோப்பின் பிராப்பர்ட்டீஸில் டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ் என்ற பக்கம் இருந்தால் யார் கையெழுத்திட்டது என்று பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். ஆனால் 2017இல் சிகிளீனர் என்ற பிரபலமான மென்பொருளின் 5.33 பதிப்பு, ஆகஸ்ட் நடுவிலிருந்து செப்டம்பர் நடு வரை, உள்ளே வேறொருவர் நுழைத்த கெட்ட நிரலோடு அதிகாரபூர்வத் தளத்திலேயே கிடைத்தது. அதில் முறையான கையெழுத்தும் இருந்தது. அதற்கு முந்தைய வருடம் பிப்ரவரியில் விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தின் இணையதளத்தையே உடைத்து, மாற்றப்பட்ட கோப்புக்கு இணைப்பு வைத்தார்கள். ஆகவே இந்தச் சோதனைகள் எல்லாம் வாசலில் காய்ச்சல் பார்ப்பது மாதிரி. காய்ச்சல் இல்லை என்பதால் வார்டு வேண்டாம் என்று ஆகாது.

இரண்டு அடையாளங்களைக் கண்டால் நான் மேற்கொண்டு எதையும் பார்ப்பதில்லை. ஒன்று, 'இன்ஸ்டால் செய்வதற்கு முன் ஆன்ட்டிவைரஸை ஆஃப் செய்யவும்' என்ற குறிப்பு. இரண்டு, ஜிப் கோப்புக்கு பாஸ்வேர்டு போட்டு, அதே ஃபோல்டரில் பாஸ்வேர்டு 1234 என்று ஒரு நோட்பேடில் எழுதி வைத்திருப்பது. பாஸ்வேர்டை அங்கேயே எழுதி வைப்பவருக்கு எதற்கு பாஸ்வேர்டு? ஸ்கேனர் உள்ளே பார்க்கக் கூடாது என்பதற்காகத்தான். என் டிசைன்களைத் தின்ற கோப்பில் இந்த இரண்டுமே இருந்தன.

விண்டோஸ் சாண்ட்பாக்ஸ்

தெரியாத மென்பொருளைத் தனியாக ஓட்டிப் பார்க்க விண்டோஸே தரும் இடம் இது. நிறைய பேருக்கு இது தங்கள் கம்ப்யூட்டரிலேயே இருப்பது தெரியாது. விண்டோஸ் 10இன் 1903 பதிப்போடு 2019இல் வந்தது. புரோ, என்டர்பிரைஸ், எஜுகேஷன் பதிப்புகளில் இருக்கிறது. ஹோம் பதிப்பில் இல்லை. லேப்டாப் வாங்கும்போது கூடவே வருவது பெரும்பாலும் ஹோம்தான், அதனால் முதலில் செட்டிங்ஸில் சிஸ்டம், அபவுட் என்று போய் எது என்று பாருங்கள். ஹோம் என்றால் இந்தப் பகுதியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகலாம்.

குறைந்தது 4 ஜிபி ரேம் வேண்டும். 8 இருந்தால்தான் நிம்மதியாக ஓடும். வர்ச்சுவலைசேஷன், அதாவது கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்ட உதவும் பிராசஸர் வசதி, ஆன் ஆகியிருக்க வேண்டும். டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ், சி.பி.யு. என்று போனால் கீழே வர்ச்சுவலைசேஷன் எனேபிள்டு என்றோ டிசேபிள்டு என்றோ எழுதியிருக்கும். டிசேபிள்டு என்றால் பயாஸுக்குள், அதாவது விண்டோஸ் தொடங்குவதற்கு முன் வரும் அமைப்புப் பக்கத்துக்குள், போக வேண்டும். ஆன் செய்தவுடன் எஃப்2 அல்லது டெலீட் பட்டனைத் தட்டிக்கொண்டே இருங்கள். இன்டெல் என்றால் வி.டி.-எக்ஸ் அல்லது இன்டெல் வர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி, ஏ.எம்.டி. என்றால் எஸ்.வி.எம். மோடு. அதை மட்டும் எனேபிள் செய்து சேமித்து வெளியே வாருங்கள். வேறு எதையும் தொட வேண்டாம். அப்புறம் டர்ன் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் ஆன் ஆர் ஆஃப் என்று ஸ்டார்ட்டில் தேடி, விண்டோஸ் சாண்ட்பாக்ஸ் என்பதை டிக் செய்து ரீஸ்டார்ட் செய்தால் முடிந்தது.

திறந்தால் ஒரு ஜன்னலுக்குள் புத்தம் புதிய விண்டோஸ் நிற்கும். உங்கள் கோப்புகள் எதுவும் அதில் இருக்காது. அங்கே என்ன ஏற்றினாலும், ஜன்னலை மூடியவுடன் மொத்தமும் அழிந்துவிடும். மறுபடி திறந்தால் மறுபடி புதிது. முதல் முறை பார்த்தபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இது அன்றைக்கே தெரிந்திருந்தால் என்று.

ஆனால் சாதாரணமாகத் திறந்தால் அதன் முக்கியமான இரண்டு கதவுகள் திறந்தே இருக்கும். ஒன்று இன்டர்நெட். அதாவது உங்கள் கடை நெட்வொர்க்கும். இன்னொன்று கிளிப்போர்டு. நீங்கள் வெளியே காப்பி செய்த பாஸ்வேர்டு, உள்ளே ஓடும் மென்பொருளுக்கும் தெரியும். இரண்டையும் மூட, நோட்பேடில் சின்னதாக ஓர் அமைப்புக் கோப்பு எழுதி, பெயரின் கடைசியில் டாட் டபிள்யூ.எஸ்.பி. என்று வைத்துச் சேமிக்க வேண்டும். மாதிரி மைக்ரோசாஃப்டின் உதவிப் பக்கத்திலேயே இருக்கிறது. அதை எடுத்து நெட்வொர்க்கிங், கிளிப்போர்டு ரீடைரக்ஷன், கூடவே கிராஃபிக்ஸ் கார்டைப் பகிரும் வி.ஜி.பி.யு. என்று மூன்றுக்கும் டிசேபிள் என்று கொடுங்கள். கோப்பை உள்ளே அனுப்ப மேப்டு ஃபோல்டர் என்ற இடத்தில் ஒரே ஒரு ஃபோல்டரைக் காட்டி, ரீட்-ஒன்லி என்பதற்கு ட்ரூ என்று எழுதுங்கள். இந்த ரீட்-ஒன்லியை மறந்தால் செய்தது எல்லாம் வீண். உள்ளே இருப்பது உங்கள் நிஜமான ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும் அந்த ஃபோல்டரில் எழுத முடியும். டெஸ்க்டாப்பையோ டாக்குமென்ட்ஸையோ ஒருபோதும் காட்டாதீர்கள். நான் 'வார்டு' என்று ஒரு காலி ஃபோல்டர் வைத்திருக்கிறேன். சோதிக்கும் கோப்பு மட்டும் அதில் போகும். இனிமேல் அந்த அமைப்புக் கோப்பை டபுள் கிளிக் செய்தாலே மூடிய கதவுகளோடு சாண்ட்பாக்ஸ் திறக்கும்.

இதில் முடியாதது ஒன்று. எங்கள் எம்பிராய்டரி மென்பொருள்கள் யு.எஸ்.பி. டாங்கிள் கேட்கும், உரிமத்துக்கான சாவி அது, செருகினால்தான் மென்பொருள் ஓடும். சாண்ட்பாக்ஸுக்குள் டாங்கிளைக் கொடுக்க வழியில்லை. இரண்டு மூன்று நாள் வைத்துப் பார்க்கவும் முடியாது. அதற்குத்தான் அடுத்தது.

விர்ச்சுவல்பாக்ஸ்

ஆரக்கிள் நிறுவனம் தரும் இலவச மென்பொருள். கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை (விர்ச்சுவல் மெஷின்) உண்டாக்கி, அதில் விண்டோஸை முழுதாக ஏற்றலாம். விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் புரோவும் 2024 நவம்பரிலிருந்து எல்லோருக்கும் இலவசம். எனக்குப் பழகியது விர்ச்சுவல்பாக்ஸ் என்பதால் அதையே சொல்கிறேன். உள்ளே ஏற்ற விண்டோஸ் எங்கே என்று கேட்பீர்கள். மைக்ரோசாஃப்டின் இவேல்யுவேஷன் சென்டரில் விண்டோஸ் 11 என்டர்பிரைஸ் 90 நாள் சோதனைப் பதிப்பு முறையாகவே கிடைக்கிறது. சோதனைக்கு அது தாராளம். விண்டோஸ் 11 ஏற்ற விர்ச்சுவல்பாக்ஸ் 7 அல்லது அதற்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள், அது கேட்கும் டி.பி.எம். என்ற பாதுகாப்புச் சிப் வசதி அதில்தான் வந்தது. உள்ளே இருக்கும் விண்டோஸுக்கு 4 ஜிபி ரேம் கொடுக்க வேண்டும், அதனால் கம்ப்யூட்டரில் 8 ஜிபியாவது இருப்பது அவசியம். 16 இருந்தால் நல்லது.

ஓடும்போது ஜன்னலின் கீழ் ஓரத்தில் ஒரு பச்சை ஆமைப் படம் தெரிந்தால் பயப்பட வேண்டாம். சாண்ட்பாக்ஸுக்காக ஆன் செய்த மைக்ரோசாஃப்டின் வர்ச்சுவலைசேஷனும் இதுவும் ஒரே இடத்தில் ஓடுகின்றன, அதனால் மெதுவாகப் போகிறது என்று அர்த்தம். பாதுகாப்புக்கு ஒன்றும் இல்லை.

விண்டோஸ் ஏற்றி, அப்டேட் முடித்து, வேறெதுவும் போடாமல் அணைத்துவிட்டு ஒரு ஸ்னாப்ஷாட் எடுங்கள், அந்த நேரத்து நிலையை அப்படியே சேமித்து வைப்பது அது. என்னுடையதற்கு 'சுத்தம்' என்று பெயர் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு சோதனைக்குப் பிறகும் அதற்குத் திரும்பி விடுவேன். ரீஸ்டோர் கொடுக்கும்போது இப்போதைய நிலையையும் ஒரு ஸ்னாப்ஷாட்டாக எடுக்கட்டுமா என்று ஒரு டிக் இருக்கும். அதை எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் நோய் பிடித்த நிலையும் உங்கள் டிஸ்க்கில் பெயரோடு சேர்ந்து உட்கார்ந்திருக்கும். ஒருநாள் கை தவறி அதைத் திறப்பீர்கள்.

இதன் கதவுகளைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். விர்ச்சுவல் மெஷினின் சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வரும் ஓட்டைகள் உண்டு. 2015இல் வெனம் என்று பெயரிட்ட ஒன்று வந்தது. யாருமே பயன்படுத்தாத ஃப்ளாப்பி டிரைவ் நிரலில் இருந்த ஓட்டை அது, விர்ச்சுவல்பாக்ஸையும் பாதித்தது. அதனால் விர்ச்சுவல்பாக்ஸை அப்டேட் செய்துகொண்டே இருங்கள். ஆனால் எங்களைப் போன்ற சின்ன யூனிட்டுக்கு வரும் கேடு பெரும்பாலும் சுவரை உடைத்து வருவதில்லை. வசதிக்காக நாம் திறந்த கதவு வழியாக வருகிறது.

ஷேர்டு ஃபோல்டர் வைக்காதீர்கள். ஷேர்டு கிளிப்போர்டு, டிராக் அண்ட் டிராப் இரண்டும் டிசேபிள்டு என்றே இருக்கட்டும். அப்படியானால் மென்பொருளை உள்ளே எப்படிக் கொண்டுபோவது? நான் செய்வது இதுதான். சோதிக்க வேண்டிய கோப்பை ஒரு ஐ.எஸ்.ஓ. கோப்பாக மாற்றுவேன். அதற்கு இலவசக் கருவிகள் பல இருக்கின்றன. அந்த ஐ.எஸ்.ஓ.வை விர்ச்சுவல் மெஷினின் சி.டி. டிரைவில் போட்டால், உள்ளே இருப்பதற்கு அது ஒரு சி.டி. படிக்க முடியும், எழுத முடியாது. போகிற வழி மட்டும், திரும்புகிற வழி இல்லை. அம்மாவின் தட்டும் டம்ளரும் நினைவிருக்கிறதா, அதே விதி.

நெட்வொர்க் அமைப்பில் முதல் சுற்றுக்கு நாட் அட்டாச்டு என்று வையுங்கள். வயர் பிடுங்கிய மாதிரி. பிரிட்ஜ்டு என்பதைத் தேர்ந்தெடுக்கவே வேண்டாம். அது உங்கள் கடையில் இருக்கும் மற்ற கம்ப்யூட்டர்களோடு சோதனை மெஷினை நேராகக் கைகோக்க வைக்கும். 2017 மே 12 அன்று உலகம் முழுக்கப் பரவிய வான்னாகிரை என்ற பணம் பறிக்கும் வைரஸ் நினைவிருக்கலாம். யாரும் எதையும் கிளிக் செய்யாமலேயே நெட்வொர்க் வழியாக ஒரு விண்டோஸிலிருந்து இன்னொரு விண்டோஸுக்குத் தாவியது. அதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14ஆம் தேதியே கொடுத்திருந்தது, போடாதவர்கள்தான் மாட்டினார்கள். என்.ஏ.டி. என்ற அமைப்பு பிரிட்ஜ்டை விடப் பரவாயில்லை. ஆனால் அதன் வழியாகவும் உள்ளிருப்பது உங்கள் ரவுட்டரில் இருக்கும் மற்றவற்றைத் தேடிப் போக முடியும். இன்டர்நெட் கொடுத்துச் சோதிக்க வேண்டிய நாளில் நான் கடை ரவுட்டரிலிருந்து அந்தக் கம்ப்யூட்டரைப் பிரித்துவிட்டு, சும்மா கிடக்கும் ஒரு பழைய போனின் ஹாட்ஸ்பாட்டில் மட்டும் இணைப்பேன். மெஷின்களுக்கு டிசைன் போகும் நெட்வொர்க்கில் அப்போது அது இருக்காது.

உள்ளே என்ன பார்ப்பது

சும்மா ஓட்டிவிட்டு, வேலை செய்கிறதே என்று திருப்திப்படுவது சோதனை ஆகாது. 2019இல் எனக்கு வந்த கன்வர்ட்டரும் அன்று மாலை ஒரு மயில் படத்தை அழகாக மாற்றிக் கொடுத்தது.

நான் முதலில் தூண்டில் போடுவேன். விர்ச்சுவல் மெஷினின் டாக்குமென்ட்ஸில் இருபது உதவாத டிசைன் கோப்புகள், கொஞ்சம் பூப் படங்கள், ஒரு பொய்க் கணக்கு ஷீட். இவை ஸ்னாப்ஷாட்டிலேயே இருக்கின்றன. சோதனை முடிந்ததும் இவற்றின் பெயர், தேதி, அளவு மாறியிருக்கிறதா, திறக்கின்றனவா என்று பார்ப்பேன். மாறியிருந்தால் வேறு சாட்சி வேண்டாம்.

அடுத்தது ஆட்டோரன்ஸ். மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் இலவசமாகக் கிடைக்கும் சின்னக் கருவி. கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது தானாக ஓடத் தொடங்கும் எல்லாவற்றையும் பட்டியல் போடும். இன்ஸ்டால் செய்வதற்கு முன் பட்டியலைச் சேமித்துவிட்டு, பிறகு ஃபைல் மெனுவில் கம்பேர் கொடுத்தால் புதிதாகச் சேர்ந்தது மட்டும் நிறம் மாறித் தெரியும். போட்டோவை டிசைனாக மாற்றும் ஒரு மென்பொருளுக்கு, கம்ப்யூட்டர் ஆன் ஆனவுடன் ஓட என்ன வேலை? டாஸ்க் ஷெட்யூலரில் புது வேலை சேர்த்து வைக்க என்ன அவசியம்? அதே தொகுப்பில் இருக்கும் டி.சி.பி.வியூ, எந்த நிரல் எந்த முகவரியோடு பேசுகிறது என்று காட்டும். இன்டர்நெட் கொடுக்கும் இரண்டாவது சுற்றில் அதைத் திறந்தே வையுங்கள். படம் மாற்றும் மென்பொருளை மூடிய பிறகும் அதன் பெயரில் ஏதோ ஒன்று வெளியே பேசிக்கொண்டிருந்தால், அதை நம்ப எனக்குக் காரணம் இல்லை.

சில வைரஸ்கள் தாங்கள் விர்ச்சுவல் மெஷினில் இருப்பதைக் கண்டுபிடித்துவிடும். அதன் டிரைவர் பெயர்களைப் பார்க்கும், மவுஸ் அசைகிறதா என்று பார்க்கும். சந்தேகம் வந்தால் சாதுவாக இருந்துவிடும். சில வெறுமனே காத்திருக்கும். அதனால் பத்து நிமிடத்தில் மூடாதீர்கள். நான் ஒரு ராத்திரி முழுக்க ஓட விடுவேன், மறுநாள் உள்ளே ரீஸ்டார்ட் செய்து, மென்பொருளை உண்மையாகவே பயன்படுத்துகிற மாதிரி அரைமணி நேரம் வேலை செய்வேன். அப்படியும் ஒளிந்திருக்கும் ஒன்றை என்னால் பிடிக்க முடியாது. அந்த மீதிச் சந்தேகத்துக்குத்தான் அடுத்த ஏற்பாடு.

கேபிளைப் பிடுங்குவது

என்னிடம் ஒரு பழைய டெஸ்க்டாப் இருக்கிறது. இரண்டு டிஸ்க்குகள். சோதிக்கும்போது நல்ல ஹார்ட் டிஸ்க்கின் டேட்டா கேபிள், பவர் கேபிள் இரண்டையும் கழற்றிவிட்டு, ஒரு சின்ன பழைய எஸ்.எஸ்.டி.யை மட்டும் மாட்டுவேன். மின்சாரம் போகாத டிஸ்க்கில் எந்த மென்பொருளாலும் எழுத முடியாது. எத்தனை கெட்டிக்கார வைரஸாக இருந்தாலும் சரி. மெயின் ஸ்விட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் கழற்ற வேண்டும். மாட்டும்போதும் அப்படியே. டாங்கிள் கேட்கும் பெரிய மென்பொருள்களையும், விர்ச்சுவல் மெஷின் தெரிந்து ஒளிந்துகொள்ளக் கூடியவற்றையும் இங்கேதான் பார்ப்பேன். முடிந்ததும் அந்த எஸ்.எஸ்.டி.யை முழுவதுமாக அழித்துவிட்டு மறுபடி விண்டோஸ் ஏற்றுவேன். மதர்போர்டிலேயே போய் ஒட்டிக்கொள்ளும் வகை ஒன்று லோஜாக்ஸ் என்ற பெயரில் 2018இல் பிடிபட்டது. ஆனால் அது அரசாங்கங்களைக் குறிவைத்துச் செய்தது, நம் பக்கம் வர வேண்டிய அவசியம் இல்லை.

லினக்ஸ் லைவ் பென் டிரைவையும் பலர் சொல்வார்கள். ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமல் பென் டிரைவிலிருந்தே லினக்ஸ் ஓடும். ரூஃபஸ் என்ற கருவியால் அரைமணி நேரத்தில் செய்துவிடலாம். சந்தேகமான பென் டிரைவைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. விண்டோஸ் வைரஸ் அதில் ஓடாது. ஆனால் அதே காரணத்தால் விண்டோஸ் மென்பொருளையும் அதில் சோதிக்க முடியாது. இன்னொன்று, லைவ் லினக்ஸிலிருந்தும் உங்கள் ஹார்ட் டிஸ்க் தெரியும், ஒரு கிளிக்கில் திறக்கும். 'தொடாது' என்பது நீங்கள் தொடாதவரைதான்.

சாண்ட்பாக்ஸி-பிளஸ் என்று ஒன்றும் இருக்கிறது, ஹோம் பதிப்பிலும் ஓடும், தனிப்பட்ட பயன்பாட்டுக்கு இலவசம். ஒரு மென்பொருள் எழுதுவதையெல்லாம் தனிப் பெட்டிக்குள் திருப்பிவிடும். ஆனால் அது தனி கம்ப்யூட்டர் கிடையாது, உங்கள் விண்டோஸின் மேலேயே ஓடுகிறது. ஓரளவு நம்பிக்கை இருக்கும் மென்பொருளுக்கு நான் அதைப் பயன்படுத்துவேன். பென் டிரைவில் வந்த யாரோ ஒருவரின் கன்வர்ட்டருக்கு மாட்டேன்.

நிஜமான கம்ப்யூட்டருக்கு வரும்போது

எல்லாம் தேறிய பிறகும் ஏற்றுவதற்கு முன்னால் பேக்கப் எடுங்கள், எடுத்த டிஸ்க்கைப் பிடுங்கி அலமாரியில் வையுங்கள். செருகியபடி இருப்பது பேக்கப் ஆகாது. இதை நான் விலை கொடுத்துத் தெரிந்துகொண்டேன். இப்போது இரண்டு டிஸ்க்குகள், ஒன்று வீட்டில், ஒன்று கடையில், வாரம் ஒரு முறை மாற்றிக்கொள்வோம். மழைக்காலத்தில் எங்கள் சந்தில் முழங்கால் வரை தண்ணீர் நிற்கும் என்பதால் கடையில் இருப்பது மேல் தட்டில்.

சோதித்த அதே கோப்புதான் ஏற்றப்படுகிறதா என்று கைரேகையை இன்னொரு முறை ஒத்துப் பாருங்கள். சோதித்தது ஒன்று, மறுநாள் வேறு பென் டிரைவிலிருந்து ஏற்றியது ஒன்று என்று ஆகிவிடக் கூடாது. விர்ச்சுவல் மெஷினுக்குள் உருவான எதையும், அது அழகான டிசைனாகவே இருந்தாலும், வெளியே எடுத்து வராதீர்கள். தேறிய மென்பொருளை வெளியே ஏற்றி, வெளியேயே மறுபடி செய்துகொள்ளலாம்.

போனில் வரும் ஏ.பி.கே. கோப்புகளுக்கு, அதாவது ஆண்ட்ராய்டு ஆப்பை நிறுவும் கோப்புகளுக்கு, இந்த வித்தை எதுவும் வேண்டாம். டிராஃபிக் அபராதம், கல்யாணப் பத்திரிகை என்று வாட்ஸ்ஆப்பில் வருபவற்றைச் சோதித்துப் பார்க்கக்கூட இன்ஸ்டால் செய்யாதீர்கள். உங்கள் ஓ.டி.பி. எல்லாம் அந்தப் போனில்தான் வருகிறது. ஏற்கெனவே ஏற்றிவிட்டுப் பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள். கம்ப்யூட்டரில் கோப்புகள் பூட்டப்பட்டிருந்தால் நோ மோர் ரான்சம் என்ற தளத்தில் உங்கள் வகைக்கு இலவசச் சாவி இருக்கிறதா என்று பாருங்கள். நெதர்லாந்து போலீசும் யூரோபோலும் பாதுகாப்பு நிறுவனங்களும் சேர்ந்து 2016இல் தொடங்கியது. பூட்டப்பட்ட டிஸ்க்கை அழித்துவிடாதீர்கள், இன்று இல்லாத சாவி பின்னால் வரலாம். என்னுடையது இன்னும் ஒரு துணிப்பையில் சுற்றி அலமாரியில் இருக்கிறது.

எங்கள் யூனிட்டில் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. எந்தக் கோப்பு, யார் கொடுத்தது, கைரேகையின் கடைசி ஆறு எழுத்து, எந்தச் சுற்றில் என்ன பார்த்தோம், முடிவு. மெஷின் ஓட்டும் பெண்தான் இப்போது இதை எழுதுகிறாள், என்னைவிடப் பொறுமையாகப் பார்க்கிறாள். போன வாரம் அவள் எழுதிய வரி: 'கன்வர்ட்டர். முதல் சுற்றில் ஒன்றும் இல்லை. இரண்டாம் சுற்றில் டாஸ்க் ஷெட்யூலரில் ஒன்று சேர்ந்தது. வேண்டாம்.' கொடுத்த தம்பியைக் கூப்பிட்டு அந்த வரியைக் காட்டினோம். தன் கடை கம்ப்யூட்டரில் ஏற்கெனவே ஏற்றிவிட்டதாகச் சொன்னார். அன்று சாயங்காலமே லைவ் பென் டிரைவையும் ஒரு காலி டிஸ்க்கையும் எடுத்துக்கொண்டு அவர் கடைக்குப் போனோம். அவருடைய டிசைன்கள் எல்லாம் இன்னும் திறந்தன. முதலில் அவற்றை வெளியே எடுத்தோம்.